ஏழாம் நம்பர் மனு

ஓசூர்
சித்திரை, 1974

என் மைனாக்குட்டிக்கு,

துக்கம் கேட்க வந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. நேத்து காரிமங்கலம் இல்லத்துக்குப் போய் உன் பொட்டியை வாங்கிட்டு வந்தேன். ரெண்டு சேலையும் ஒரு சீப்பும் இருந்தது. நான் எழுதின கடுதாசி இல்லை.

பக்கத்துக் கட்டில் ராமக்காவைக் கேட்டேன். "கடுதாசி எதுவும் வரலீங்க. உங்க தங்கச்சி வாசலையே பார்த்துக்கிட்டுக் கெடந்தாங்க"ன்னாங்க.

உடனே தருமபுரிக்குப் பஸ் ஏறினேன். மூணு முதியோர் இல்லத்துக்கும் சேர்த்து அங்கே ஒரே ஆபீஸ், ஒரே கிளார்க்கு. செலவு மிச்சமாம். யாருக்குத் தபால் வந்தாலும் அவர்தான் பிரிப்பாராம். என் மருமகளைச் சம்மதிக்க வெச்சு, "வூட்டுக்கே வந்துடு, சரின்னு ஒரு வரி எழுதச் சொல்லு, மறுநாளே வந்து கூட்டிட்டுப் போறேன்"னு உனக்கு எழுதினேனே, அதை மனுன்னு ஃபைல்ல கோத்து வெச்சிருக்கார்.

"மூணு இல்லத்துக்கும் பொதுக் கமிட்டி கூடினாத்தானேம்மா ஆளை வூட்டுக்கு அனுப்ப முடியும்? உங்க மனு ஏழாம் நம்பர். பத்திரமா இருக்குதுங்க"ன்னார்.

"அவகிட்டப் படிச்சுக் காட்டுனீங்களா?"

"அது ஆபீஸ் வேலை இல்லீங்களே."

நல்ல மனுஷன்தான். எனக்கு மோர்கூட வாங்கிக் கொடுத்தார். அந்த மோரை அவர் மூஞ்சியில ஊத்தணும்போல இருந்தது.

அவரை மட்டும் சொல்லி என்ன? பதில் இல்லைன்னதும், இல்லத்துல விட்டதுல உனக்கு இன்னும் கோவம்னு நெனச்சு ரெண்டு மாசம் நானும் வீம்பா இருந்துட்டேன்.

கண்ணை மூடுற நேரத்துல, அக்கா கூப்பிடவே இல்லைன்னுதான் நெனச்சியா, மைனா?

உன் அக்கா