அக்கா பார்க்காத கிளைமாக்ஸ்

என் ராசாத்தி அக்காவுக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. சேரங்கோட்டில் இந்த முறையும் மழை விட்டபாடில்லை. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அந்த வரிசையில் உன் நடையைத் தேடுவதை என் கண் இன்னும் விடவில்லை. பள்ளிக்கூடம் போகாமல், பக்திப் புத்தகங்களை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்து நானே கற்றுக்கொண்ட தமிழ் இது. பிழையிருந்தால் சிரித்துக்கொள்.

உனக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். உன் மகள் செல்வி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை அவளை என்னிடம் விட்டுவிட்டு, தோட்டத்து லைன் வீட்டுப் பெண்களோடு கூடலூருக்கு மேட்னி பார்க்கப் போய்விடுவாய். நம் தோட்டத்துக்கு வரும் கடைசி பஸ் ஐந்தரைக்கு. படம் முடிவதோ ஐந்தே முக்காலுக்கு. ஒரு படத்திலாவது வில்லன் விழுவதைப் பார்த்திருப்பாயா நீ?

"முடிவு பாக்காம வர்றதுக்கு எதுக்குக்கா அத்தன தூரம் போற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அட அம்மிணி, முடிவு தெரிஞ்சுதானே போறேன்! அடிச்சவன் அடி வாங்குவான். மூணு மணி நேரத்துல வாங்கிருவான். வேறெங்க அப்படி நடக்குது, சொல்லு பாக்கலாம்?"

சாமி கும்பிடுகிற வீட்டில் வெட்டு குத்துப் பேச்சு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ என் பூஜை அலமாரியைக் காட்டி, "உங்க அம்மன் காலுக்குக் கீழ கெடக்கறவன் யாராம்? பேசித் தீத்து வெச்சாளாக்கும்?" என்று சிரித்தாய்.

உன் புருஷன் கை நீட்டுவது தோட்டத்துக்கே தெரியும். அடிபட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நான்கு முறை என் வீட்டுக்கு வந்தாய். எதையும் எண்ணி வைக்கிற புத்தி எனக்கு. இதையும் எண்ணி வைத்திருக்கிறேன். நான்கு முறையும் நெற்றியில் திருநீறு பூசி, "பொறுத்துப் போக்கா, அம்மன் பாத்துக்குவா" என்று உன் வாசல் வரைக்கும் நானே கொண்டுவந்து விட்டேன். நான்காவது முறைக்குப் பிறகு நீ பையோடு வரவேயில்லை. அடி நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நின்றதா, அக்கா?

படத்துக்குப் போய் வந்ததும் என் அடுப்படி வாசலில் உட்கார்ந்து செல்விக்குக் கதை சொல்வாய். பார்க்காத முடிவையும் சேர்த்துத்தான். தூணில் கட்டிப்போட்ட கதாநாயகி பல்லால் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, வில்லனை அவளே போட்டு மிதிப்பாள்.

"அப்பறம்மா?" என்பாள் குழந்தை.

"அப்பறமென்ன, அவன் வேட்டிய வாரிக் கட்டிக்கிட்டு ஓடுனான்!"

பாதி காதில் வாங்கியபடி நான் மாவாட்டிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அந்தப் படங்களில் ஒன்றை டிவியில் போட்டார்கள். ஐஸ் பேக்டரிச் சண்டை வந்ததுமே நீ சொன்ன கதை என்று தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சண்டைப் படத்தை முழுசாகப் பார்த்தேன். கடைசிவரை அந்தப் பெண் தூணோடு நின்று அழுதாள். அடித்ததெல்லாம் கதாநாயகன்தான். கயிறு அறுந்தது, அவள் எழுந்து வந்தது எல்லாம் நீ உண்டாக்கியது. அதைக் கேட்டுக்கொண்டே நான் மாவாட்டியிருக்கிறேன்.

காய்ச்சலென்று படுத்து ஒரே வாரத்தில் போய்விட்டாய். உன் காரியத்தன்று உன் புருஷன் முன்னால் உட்கார்ந்து அழுதார். எல்லோரும் அவருக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். நன்றாகத்தான் இருக்கிறார். கடைவீதியில் வணக்கம் வைக்கிறார்கள். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இத்தலாரில் வாழ்க்கைப்பட்ட செல்வி இப்போது வந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை, காதோரம் கன்றிப்போய், கையில் பையோடு. "சின்னம்மா, கொஞ்ச நாளு இங்கயே இருந்துக்கட்டுங்களா?" என்றாள். பழக்கத்தில் என் கை திருநீற்றுத் தட்டுக்குப் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"திருநீறு வெச்சு விடுங்க சின்னம்மா. திருப்பி மட்டும் அனுப்பிராதீங்க."

நாளைக்கு இத்தலாரிலிருந்து அவள் புருஷனும் மாமியாரும் நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அனுசரித்துப் போகச் சொல்வார்கள். நான் சொன்ன வார்த்தைகள்தான் அவை, எனக்கு மனப்பாடம். என் வீட்டுக்காரரும், "ஊர்ல என்ன பேசுவாங்க" என்று இப்போதே முனகுகிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. சத்தம் போட்டுப் பேசக்கூட எனக்கு வராது. ஆனால் நாளைக்கு வாசற்படியில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்களுக்கு டீ கொடுப்பேன். பெண்ணைக் கொடுக்க மாட்டேன். இது அம்மன் மேல் ஆணை.

நான்கு முறை உன்னைத் திருப்பி அனுப்பிய உன் தங்கை,
சரசு