மின்னல் என்றொரு புரொப்பலர்

4 அக்டோபர் 2024

கட்டில் விலை கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். நானும் ஓடினேன். மெரினாவில் நடக்கப்போகும் விமான சாகசத்துக்கு ஒத்திகை. சாம்பல் நிற முக்கோணம் ஒன்று தலைக்கு மேல் பாய்ந்து போனது. அது போன பிறகுதான் சத்தம் வந்து கடையிலிருந்த கண்ணாடி பீரோக்களை உலுக்கியது. "ரஃபேல்!" என்றார் பக்கத்துக் கடை கலீலுல்லா.

என் புருஷன் ஜெபின் வெளியே வரவில்லை. உள்ளே சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். வெடிச்சத்தம் மாதிரி எது கேட்டாலும் இப்படித்தான்.

எர்ணாவூரில் எங்கள் வார்ப்புப் பட்டறையைப் பூட்டி இரண்டு வருடம் ஆகப்போகிறது. காசிமேட்டு விசைப்படகுகளை உந்தித் தள்ளும் புரொப்பலர்களை நான் வரைவேன். அவர் மரத்தில் அச்சு செதுக்கி வெண்கலத்தில் வார்ப்பார். ஒருநாள் மணல் அச்சில் எங்கோ ஈரம் தங்கிவிட்டிருந்தது. உருக்கி ஊற்றிய உலோகம் வெடித்துத் தெறித்தது. ஜெபினுக்கு இடது கண் போய்விட்டது. இப்போது இருவரும் அவருடைய அண்ணன் ஜெரி அத்தானின் ராயபுரம் கடையில் கட்டிலும் மெத்தையும் விற்கிறோம். அத்தான் நல்லவர். குறை சொன்னால் நாக்கு அழுகும்.

6 அக்டோபர்

கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து, காசிமேட்டில் குப்பம்மாக்கா படகின் மேல் நின்று விமான சாகசத்தைப் பார்த்தேன். எங்கள் பழைய வாடிக்கை. சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர்.

"இத்தினி சத்தம் போட்டுக்கினு போவுதே, ஒரு கூடை மீனாச்சும் புடிக்குமாமே?" என்று கேட்டார். சிரித்தேன். "நீ இன்னா, வாயப் பொளந்துகினு பாக்குற! உனுக்கு மெசினுன்னா சோறே வாணாம்."

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். தஸ்ஸோ என்ற பிரெஞ்சு கம்பெனி. அந்த ரஃபேலைச் செய்தவர்கள் முதன்முதலில் செய்தது விமானமே இல்லை. புரொப்பலர்! மரத்தில் செதுக்கிய ஒரு புரொப்பலர். சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன்.

9 அக்டோபர்

மார்செல் ப்ளோக். முதல் உலகப்போர் நேரம், இருபத்துச் சொச்சம் வயது. இருக்கிற புரொப்பலர்கள் சரியில்லை என்று தானே ஒன்றை வரைகிறார். எங்கே செய்தார் தெரியுமா? பாரிஸில் ஒரு மரச்சாமான் பட்டறையில். வால்நட் மரப் பலகைகளை ஒட்டிச் செதுக்கியது. அதற்கு 'எக்லேர்' என்று பெயர் — மின்னல். பல போர் விமானங்களில் அது சுழன்றது.

இந்த இறக்கை வளைவை நானும் எத்தனை தாளில் வரைந்து கிழித்திருக்கிறேன். அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவர் போலத் தோன்றுகிறது.

14 அக்டோபர்

சாப்பிடும்போது ஜெபினிடம் சொன்னேன். போர் முடிந்ததும் விமானம் கேட்க ஆளில்லை. மார்செல் அந்த மரச்சாமான் வியாபாரியின் மகளைக் கட்டிக்கொண்டு, மரச்சாமான் விற்றார், வீடு கட்டி விற்றார். பத்து வருடத்துக்கும் மேல் விமானத்தைத் தொடவில்லை.

"நம்மள மாதிரி," என்றார் ஜெபின்.

"ஆனா திரும்பி வந்தார்."

சோற்றைப் பிசைந்தவர் நிமிரவில்லை. "மீன் கொஞ்சம் போடு," என்றார்.

15 அக்டோபர்

மழை. கடையில் ஆளில்லை. நாள் முழுக்கப் படித்தேன்.

திரும்பி வந்து விமானத் தொழிற்சாலை கட்டினார்; அரசாங்கம் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அடுத்து ஹிட்லர் படை வந்தது. யூதர் என்பதால் பிடித்தார்கள். எங்களுக்கு வேலை செய் என்றார்கள், மாட்டேன் என்றார். கடைசியில் புகென்வால்ட் வதைமுகாம். உயிரோடு வெளியே வந்தபோது வயது ஐம்பத்து மூன்று. தொண்டை அடைப்பான் நோயில் கால்கள் தள்ளாடின. அந்த உடம்போடு மறுபடி வரைபலகைக்குப் போயிருக்கிறார்! அண்ணன் ரகசிய எதிர்ப்புப் படையில் வைத்திருந்த மறைவுப்பெயரிலிருந்து 'தஸ்ஸோ' என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டார். சில வருடத்திலேயே ஊராகான் என்ற ஜெட். வெளிநாடுகளில் அதை முதலில் வாங்கியது இந்தியா. இங்கே அதற்கு 'தூஃபானி', அதாவது புயல், என்று பெயர். பிறகு மிஸ்டேர், மிராஜ், ரஃபேல்.

எல்லாம் குண்டு போடுகிற விமானங்கள். அதுவும் தெரிகிறது எனக்கு. கீழே இருப்பவர்களை நினைத்தால் மனம் பின்வாங்குகிறது. ஆனால் அந்த மனிதனின் முதுகெலும்பு — அதை மெச்சாமல் எப்படி இருப்பது?

24 அக்டோபர்

சண்டை. தூஃபானி பற்றி ஏதோ சொன்னேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"தினமும் ஒரு வெள்ளக்காரன் கதை. அவன் எழுந்தான், நீ ஏன் எழல — அதானே கேக்குற? எனக்கு நெருப்பப் பாத்தா கை நடுங்குது ஷெர்லி. கேஸ் அடுப்பக்கூட நான் பத்த வைக்கிறதில்ல. கவனிச்சியா நீ?"

கவனிக்கல. சத்தியமா கவனிக்கல. ஒரே வீட்டுல இருந்துகிட்டு எங்க பாத்துகிட்டு இருந்தேன் நான்?

25 அக்டோபர்

இனி மார்செல் கதை பேசுவதில்லை என்று முடிவு.

2 நவம்பர்

குப்பம்மாக்கா கடைக்கே வந்துவிட்டார். கடலில் புரொப்பலர் இறக்கை முறிந்து, படகைக் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். அந்தப் புரொப்பலர் வேறெங்கோ வாங்கியது.

"நைனா, நீ போட்டுக் குட்த்தது எட்டு வருசம் ஓடிச்சு. இது ஒரு வருசம் தாங்கல. எம் மருமவன் விமலு உள்ள இருந்தான், நடுக்கடல்ல நின்னுட்டான். நான் இன்னா பண்ணுவேன் சொல்லு?"

ஜெபின், "என்னால முடியாதுக்கா," என்றார். அவ்வளவுதான். அக்கா என்னைப் பார்த்தார். "நான் வரைஞ்சு தரேன்," என்றேன். வாய் முந்திக்கொண்டது. "வார்க்க மாதவரம் லியாகத் அலி பாய் இருக்காரு."

ஜெபின் கடையின் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

10 நவம்பர்

வரைபடம் முடிந்தது. மர அச்சு செதுக்க ஆள் கிடைக்கவில்லை. அச்சு இல்லாமல் லியாகத் பாய் எதை வைத்து மணலில் பதிப்பார்?

12 நவம்பர்

மேசையில் வைத்திருந்த வரைபடத்தைக் காணவில்லை. தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனால், தச்சர்கள் கட்டில் கால் கடையும் இடத்தில் ஜெபின் நிற்கிறார். தேக்குத் துண்டுகள் ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு இறக்கை பாதி செதுக்கியாகிவிட்டது. ஒற்றைக் கண்ணில் ஆழம் பிடிபடாது. கண்ணை மூடி விரலால் வளைவைத் தடவித் தடவிப் பார்க்கிறார்.

"மரம்தானே, சுடாது," என்றார், என்னைப் பார்க்காமலே. பிறகு, "நுனியில ரொம்ப மெலிசா வரைஞ்சிருக்க. முறிஞ்சிரும்."

"முறியாது."

"முறியும்டி."

இரண்டு வருடம் கழித்து எங்களுக்குள் ஒரு நல்ல சண்டை. ஜெரி அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "நடத்துங்க," என்று போனார். நுனியைத் தடிமனாக்கினேன். அவர் சொன்னதுதான் சரி.

28 நவம்பர்

புயல் எச்சரிக்கை. படகுகள் கரையில். வார்ப்பு நன்றாக வந்திருக்கிறது என்று லியாகத் பாய் போன் செய்தார்.

8 டிசம்பர்

புதுப் புரொப்பலரோடு குப்பம்மாக்கா படகு இரவெல்லாம் ஓடிக் காலையில் திரும்பியது. விமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "அதிரவே இல்லக்கா, தொட்டில்ல பட்த்துகினு வந்தா மாரி இருந்துச்சு." பக்கத்துப் படகுக்காரர் எங்கே செய்தது என்று விசாரித்தார்.

வீட்டுக்கு ஓடினேன் சொல்ல. ஜெபின் இல்லை. போனும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து எர்ணாவூர் பட்டறைக்குப் போனேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை.

ஷட்டர் தூக்கியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். உலைக்குழியின் மேல் கனத்த பலகைகளைப் போட்டு மூடியிருந்தார்.

"உலை வேணாம்," என்றார். "வார்க்கிறத பாய் பாத்துக்கட்டும். மர அச்சு வேலைக்கு இந்த இடம் போதும். உன் மேசைய ஜன்னலோரம் போடலாமா?"

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்தேன்.