பலகையில் ஏறிய பெயர்

இராஜபாளையம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கோதாவுக்கு,

வெங்கடேஸ்வரி எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும். போன், மெயில் எல்லாவற்றிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய், அதனால்தான் தபால். உன் விலாசத்தை உன் அம்மாவிடம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பிறகு எழுதித் தந்தார்கள்.

இன்று நம் 'கன்னக்கோல்' பத்தாம் வருஷமாகக் கூடியது. இருநூறு பேர். விசிலும் தவிலுமாக மண்டபம் இரண்டுபட்டது. கூட்டத்தின் கதையைப் புதியவர்களுக்குச் சொல் என்று என்னை மேடையேற்றிவிட்டார்கள்.

சொன்னேன். கல்யாண மண்டபத்துப் பந்திக்கூடத்தில் பதினோரு பேரோடு ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் பூட்டை உடைக்கிறவர்கள் கூடும் கூட்டத்துக்கு, திருடன் சுவரில் ஓட்டை போடும் கன்னக்கோலின் பேரை நீ வைத்தது. அந்தப் பேரைக் கேட்டே போலீஸ் வந்தது. ஏட்டையாவின் போனை அவர் கண் முன்னாலேயே நீ திறந்து காட்ட, அவர் டீ குடித்துக்கொண்டே பாஸ்வேர்ட் மாற்றக் கற்றுக்கொண்டு போனது.

பலகை விளையாட்டையும் சொன்னேன். மண்டபத்தின் பேரில் பொய் வைஃபை வைப்போம். ஏமாந்து அதில் தன் மெயில் பாஸ்வேர்டைப் போடுகிறவர் பெயர் பலகையில் ஏறும். அவர் எல்லாருக்கும் பால்கோவா வாங்க வேண்டும். இந்த ஊரில் பாதிப் பேரின் பாஸ்வேர்ட் வீட்டு நாயின் பெயர்தான் என்றதும் சிரிப்பு அடங்கவில்லை. மாட்டினவர் மெயிலை யாரும் திறக்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். அதையும் சொல்லி, ஏழாம் வருஷத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எட்டாம் வருஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். ஊரையே பிடிக்கிற நீ அன்று மாட்டினாய். அந்தக் குஷியில் கண்மண் தெரியாமல் உன் மெயிலைத் திறந்து திரையில் போட்டேன். விவாகரத்துக்காக வக்கீலுக்கு நீ எழுதியது முதலில் வந்தது. அதைப் படித்த பிறகும் பின்வரிசை விசிலடித்தது. உன் அம்மாவுக்கு விஷயம் கோயிலில் வைத்து அடுத்தவர் வாயால் போய்ச் சேர்ந்தது. நீ லேப்டாப்பை மூடிக்கொண்டு போனவள்தான்.

நீயே பார்க்காமல் பாஸ்வேர்ட் போடுகிறாய் என்றால் உன் மனசு அங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில்தானே இருந்தேன். இரண்டு வருஷமாக அது ஆறவில்லை.

வாட்ச்மேன் தங்கச்சாமி, அந்த வில்லிபுத்தூர் அம்மா எங்க, அம்புட்டுப் பேரு வந்திருக்காக, அவிய மட்டும் வரலையே என்று உன்னைப் பற்றிக் கேட்டார். உனக்கு வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். உள்ளே பேச ஆளில்லாமல் அவரோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்த மெயில்கள் நாற்பத்திரண்டு என் டிராஃப்டில் கிடக்கின்றன. காலேஜில் நாம் சேர்ந்து என் மெயிலுக்கு வைத்த பாஸ்வேர்டை நான் இன்னும் மாற்றவில்லை. தோன்றினால் திறந்து படி. யாருக்கு வேண்டுமானாலும் காட்டு.

ஆண்டாள் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். நீ பதில் எழுத வேண்டாம். படித்துவிட்டு ஒன்றே ஒன்றை அழித்துவிட்டுப் போ. நாற்பத்தொன்று என்று பார்த்தால் எனக்குப் போதும்.

இப்படிக்கு,
வெங்கடேஸ்வரி