நாலாம் ஜுரம்

மரியன்னை துணை
ஏரியூர், 6.10.86

அன்புள்ள மாமா,

பட்டுப் பயிற்சிக்கு நீங்கள் சீனா போனதிலிருந்து இங்கே ஓயாத மழை. போட்டோ வந்தது. ஏரியும் கல்பாலமும் நன்றாக விழுந்திருக்கின்றன, உங்கள் முகம்தான் கடுகளவு. பட்டுப்புழுத் தட்டுகளைப் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் பார்த்துக்கொள்கிறாள். மழை பிடித்த பிறகு இது நாலாம் ஜுரம். எதுவும் தின்னப் பிடிக்காமல் சுருண்டு தூக்கம்தான். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பேச ஆளில்லாமல் வீடு கடிக்க வருகிறது.

உங்கள் மேரி

ஹாங்சௌ, 27.10.86

அன்புள்ள மேரிக்கு,

நாலாம் ஜுரம் என்று எழுதியிருந்தாய். பயப்படாதே. இலை போடாதே, கையால் தொடாதே. மேலே சுண்ணாம்புத் தூள் தூவி, ஜன்னலைத் திறந்து வை. தோல் உரிந்ததும் தானாக எழுந்து தின்னும்.

இந்த ஊரை நீ பார்க்க வேண்டும். விடியற்காலையில் ஏரிக்கரையில் கிழவர்கள் கூட்டமாக நின்று, தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாகக் கையைக் காலை அசைக்கிறார்கள். பின்னால் பழைய கோபுரம். நாலு தெரு தள்ளினால் பட்டாலை. அங்கே நூலெடுக்க, கூடுகள் வேகும் வெந்நீரில் யாரும் கைவிடுவதில்லை. இழை மெலிந்தால் மெஷினே அறிந்து இன்னொரு கூட்டைச் சேர்த்துக்கொள்கிறது! கம்ப்யூட்டரில் பட்டுத்துணி டிசைன் போடப் பழகுகிறார்கள். என்னை இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். உன் சம்மதம் தெரிந்தால் கையெழுத்துப் போடுவேன்.

அன்புடன்,
பெரியநாயகம்

ஏரியூர், 19.11.86

அன்புள்ள மாமா,

ஜுரம் புழுவுக்கு இல்லை, எனக்கு.

புழு தோலுரிக்கப் படுத்தாலும் நம்மூரில் ஜுரம் என்றுதானே சொல்கிறோம், உங்களைக் குற்றம் சொல்லி என்ன? உங்கள் கடிதத்தைக் கோவிந்தம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "ஏன் புள்ள, உங்க வூட்டுக்காரரு சொல்றாப்ல உம்மேல சுண்ணாம்பு தூவட்டுமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போனதும் அழுதேன்.

டைபாய்டாம். தருமபுரி ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். புழுவையும் என்னையும் சேர்த்துக் காப்பாற்றியது அவள்தான். இப்போது நடமாடுகிறேன், கவலை வேண்டாம்.

படுத்துக்கிடந்தபோது யோசித்துப் பார்த்தேன். நீங்கள் இங்கே இருந்தபோதும் இலை, தட்டு, பட்டுக்கூட்டின் விலை தவிர நாம் என்ன பேசினோம்? ஜுரம் என்றதும் உங்களுக்கு என் ஞாபகம் எப்படி வரும்? அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வருஷத்துக்குச் சம்மதம் கேட்டிருந்தீர்கள். கையெழுத்துப் போடுங்கள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொல்வது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. நீங்கள் கிளம்பிப் போன பிறகுதான் நான் தனியானேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராஜமேரி