மூச்சு முட்டிய டிரம்

செவ்வாய், இரவு

யாரும் நம்பப்போகாத கதையைச் சத்தியம் செய்து எழுதுகிறேன். ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக் கிடங்குக்கு நான் வாங்கிப் போட்ட பெராக்சைடு டிரம் ஒன்று, இன்று நிறைமாதமாக வீங்கி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

லோடுமேன் லூர்து சிரித்தான். "மழைத்தண்ணி பூந்துடும்னு ஓட்டை போட்ட மூடிய எடுத்துட்டு வேற மூடி போட்டு டைட் பண்ணேண்ணே."

"அடப்பாவி, உள்ள கேஸ் ஊறும்டா, அந்த ஓட்டையிலதான்டா அது மூச்சு வுடுது! கிட்ட போவாத!"

"இன்னாண்ணே பயந்துக்கினு? தோ, தொறந்துட்டா போச்சு."

திறந்தான். மூடி வல்லக்கோட்டைக் கோயில் வரை பறந்தது. அங்கே முருகனின் மயிலே குனிந்துதான் தப்பித்தது.

கண்ணை மூடினால் டிரம் சீறுகிறது. மயில் புளுகு, கூப்பிட்டதும் புளுகு. மூடி லூர்துவின் காதை உரசிக்கொண்டு போனது மட்டும் நிஜம். இரண்டு விரல் இந்தப் பக்கம் வந்திருந்தால், அவன் வீட்டில் போய் நான் என்ன சொல்லியிருப்பேன்?