கப்பல் நாளில் பிடித்த பாட்டில்

என் ராசா, தம்பி பாண்டி,

நீ போன இடத்தில் டீசல் வாடை இருக்காது என்று நம்புகிறேன். இங்கே எனக்கு வயிறு எரிகிறது. இன்று கோயிலில் விளக்கு ஏற்றும்போதுகூட வாயில் பாட்டு வரவில்லை, ஏச்சுதான் வந்தது. சாமி பொறுத்துக்கொள்ளும்.

நீ ஓட்டிய படகின் எஞ்சின் நடுக்கடலில் இறுகி நின்றது. வேறு படகு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். பயணிகள் ஒருவருக்கும் கீறல் இல்லை. பழி மட்டும் உன் தலையில். அது ஆறுவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோயிற்று. அதை விதி என்று விழுங்கிவிட்டேன். உன் மேனேஜர் இந்தத் தீவில் ஃபீனிக்ஸ் பே படகுத்துறை முழுக்கக் காட்டித் திரிகிற தாளைத்தான் விழுங்க முடியவில்லை.

எஞ்சினில் ஓடிய ஆயிலைப் பாட்டிலில் பிடித்து, கப்பலில் ஏற்றி மெயின்லேண்டு லேபுக்கு அனுப்புவீர்களே, அந்த ரிப்போர்ட். எஞ்சின் நிற்பதற்கு முன் கடைசியாகப் போனது. "நார்மல்" என்று இருக்கிறது. ஆயில் நல்லதாம், எஞ்சின் நல்லதாம். ஆகவே ஓட்டியவன்தான் கெட்டவனாம்!

உன் பெண்டாட்டி செல்வியே நம்பத் தொடங்கிவிட்டாள். "லேபுல படிச்சவுக எழுதிருக்காக மதினி. இவுகதான் சூட்டைப் பாக்காம ஓட்டிட்டாகளோ?" என்றாள். "நீயுமாடி?" என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள். யார்மேல் கோபப்படுவது, நீயே சொல்.

நான் என்ன படித்தவளா? வீட்டுக் கணக்கு எழுதத் தெரியும், அவ்வளவுதான். அந்தத் தாளைப் போனில் படம் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் படித்தேன். ஆயில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அப்போதுதான் நீ சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. "நாங்க எஞ்சினைப் பாத்துப் பாட்டில் பிடிக்கிறதில்லக்கா, கப்பலைப் பாத்துத்தான். நேத்து புது ஆயில் ஊத்திருந்தாலும், இன்னைக்குக் கப்பல்னா இன்னைக்கே பிடி. குளிச்சு வந்தவன்கிட்ட அழுக்கு தேடுற கதைதான்!"

சம்பள நாள் சாயங்காலம் பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் குறையே இல்லை என்று எழுதலாமா? மாதக் கடைசியில் பார்க்க வேண்டாமா? போன மாதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டாமா?

தாளின் அடியில் இருந்த லேப் நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள். "பாட்டில்ல வந்ததைத்தாம்மா நாங்க பாக்கிறோம். பொடியா தேஞ்ச இரும்பை மிஷின் காட்டும், பெரிய துகளா உதிர்ந்தா காட்டாது. ஆயில் மாத்தின உடனே எடுத்தா எல்லாமே சுத்தமாத்தான் வரும்."

"அப்ப ஆயிலு மட்டம்னு சொல்லலாமா?"

"அதையும் இதை வச்சுச் சொல்ல முடியாதும்மா."

முதலில் அவள்மேலும் ஆத்திரம் வந்தது. பிறகு யோசித்தேன். அவள் சொன்னதுதான் நேர்மை. ஆயில் கெட்டது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீ கெடுத்தாய் என்று அவன் எப்படிச் சொல்லலாம்? தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவனுக்கு மட்டும் ஏன் நாக்கு வரவில்லை? செத்தவன் எதிர்த்துப் பேசமாட்டான் என்பதாலா?

நேற்று செல்வியையும் கூட்டிக்கொண்டு படகுத்துறை ஜெட்டிக்குப் போனேன். ஆட்கள் சுற்றி நின்றார்கள். "ரிப்போர்ட் நார்மல், தீதி. பாத் கதம்" என்று பாதி இந்தியில் பேச்சை முடித்தான் மேனேஜர்.

"கதை இன்னும் முடியலய்யா. இது என்னைக்குப் பிடிச்ச பாட்டிலு?"

"கப்பல் போற அன்னைக்குத்தான். எப்பவும் அப்படித்தானே?"

"ஆயில் மாத்துனது?"

அவன் தாளில் தேடினான்; அந்தக் கட்டம்தான் காலியாயிற்றே. எனக்கும் அந்த நாள் தெரியாது, பாண்டி. அப்போது என் பின்னாலிருந்து செல்வி முன்னே வந்தாள்.

"அதுக்கு முந்துன நாளு. ஆயில் மாத்துனப்ப போட்டிருந்த சட்டையைக் கப்பல் போற அன்னைக்குக் காலையில நான்தான் தொவைச்சேன். கறை போகலைன்னு அவுகளை ஏசினேன். இதை வச்சா எம் புருசனைக் குத்தம் சொன்னீக?"

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். இன்னொரு ஜெட்டியில் மறுபடி விரிப்பான், தெரியும்.

விரிக்கட்டும். அந்தத் தாளை வைத்து யார் உன் பெயரை எடுத்தாலும், அங்கே நாங்கள் இருவரும் போய் நிற்போம். முருகன்மேல் ஆணை. நீ நிம்மதியாக இரு.

உனக்காகச் சண்டை போடுவதை இன்னும் நிறுத்தாத
உன் அக்கா