கட்டிலுக்குக் கீழே

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்றைக்கு நீங்கள் போனில், "சாமான் எல்லாத்தையும் கட்டிலுக்குக் கீழ வை பிள்ளை" என்றபோது, வெள்ளம் கீழிருந்துதான் வரும் என்று நான் சொல்லவில்லை. "ஓம் அம்மா" என்றேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? நான் சுகம்.

களனி ஆறு பெருகுகிறது என்று அறிவித்திருந்தார்கள். கொழும்பு முகத்துவாரத்தில் எனக்கு அறை தந்திருக்கும் றலியா ஆன்ட்டி அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றிவிட்டு, என் அறையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மகள், எல்லாத்தயும் கட்டிலுக்குக் கீழ ஒளிக்கிறீங்க? தண்ணிக்கா, ஷெல்லுக்கா?"

நானும் சிரித்தேன். நீங்கள் சொல்லாவிட்டாலும் என் கைகள் அப்படித்தான் செய்திருக்கும். ஷெல்லடிக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் வளர்ந்த எனக்கு ஆபத்து எப்போதும் மேலிருந்துதான் வந்தது. இருவருமாக எல்லாவற்றையும் அலுமாரிமேல் ஏற்றினோம். அப்பாவின் ஒரே படத்தை மட்டும் துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழேயே விட்டேன். அதை நீங்கள் பங்கருக்குள் வைத்துத்தானே காப்பாற்றினீர்கள்? உயரத்தில் வைக்க மனம் வரவில்லை.

பயப்படாதீர்கள். வெள்ளம் வடியும்வரை பாடசாலையில் தங்கிவிட்டு நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். கிளிநொச்சியிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூளும், நீங்கள் உடுத்த பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம். இங்கே போர்த்திக்கொள்ள எதுவும் காயவில்லை.

சேறு கழுவ ஆன்ட்டி கூப்பிடுகிறார். போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். தண்ணீர் கட்டிலுக்கு மேலே வந்தது. படத்தில் அப்பாவின் முகம் அழிந்துவிட்டது.

யதுஷா